கொள்ளு என்று முதலில் படித்தது யார்

நித்யா,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நீ அரபி படிப்பாய், அதுவும் அச்சில் வந்த அரபி இல்லை, எந்தக் காலத்திலோ யாரோ நாணல் பேனாவால் கிறுக்கியதைப் படிப்பாய், உன்னைக் கடல் தாண்டிக் கூப்பிடுவார்கள், கூப்பிட்ட பிறகு வாசலில் நிறுத்தி ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்பார்கள் என்று, நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னேன். அந்தப் பத்துப் பேரும் இன்றைக்கு எங்கே என்று கேட்காதே. பெங்களூரு பெரிய ஊர்.

அந்தக் குறுக்குக் கேள்வி என்ன என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இரண்டு பக்கம் கேட்டேன், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றார்கள். தலைவருடைய காருக்கு கிளட்ச் மாற்றியவன் நான். அதனால் எல்லாருக்கும் புரியும்படி எழுதிவிடுகிறேன். ரிச்சர்ட்ஸ் டவுன் வீடு ஒன்றில் பழைய தாள்கள் கொஞ்சம் கிடந்தன. அரபி எழுத்து, ஆனால் யார் படித்தாலும் அர்த்தம் வரவில்லை. அது அரபி எழுத்தில் எழுதிய தமிழ், குதிரை வைத்தியக் குறிப்பு என்று நீ கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினாய். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. கட்டுரையில் நீ ஒரு வரி சேர்த்திருந்தாய்: இது தமிழ் என்பதை முதலில் கேட்டு உணர்ந்தவர் மெக்கானிக்கான என் சித்தப்பா. கம்ப்யூட்டர் திரையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். "மொழியைக் கண்டது உங்கள் சித்தப்பா என்றால், நீங்கள் செய்தது என்ன?" நடந்ததை நடந்தபடி எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பு, அதைப் பார்த்துத்தான் இடம் உண்டா இல்லையா என்று சொல்வோம் என்றார்கள். நீ ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, டயர் மேல் உட்கார்ந்து, "சீட் போனாலும் போகட்டும் சித்தப்பா. உங்க பேரை எடுத்துட்டு நான் எழுத மாட்டேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். நீகூட "உடம்பு சரியில்லையா சித்தப்பா?" என்று கேட்டாய்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபம்தான். உன்னை எதிர்த்து யார் பேசினாலும் எனக்கு வரும் கோபம் அது, புதிது இல்லை. உன் அப்பா, என் அண்ணன், போனபோது உனக்குப் பால் பல் விழவில்லை. அண்ணி பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போனாள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் கூட்டி வந்ததும் நான். எனக்குப் பெண் கொடுக்க மூன்று குடும்பம் வரிசையில் நின்றது, நான்தான் வேண்டாம் என்றேன். அது வேறு விஷயம். படிப்பைப் பொறுத்தவரை நான் ஒன்பதாவதோடு நின்றவன், ஆனால் உன் படிப்பில் ஒவ்வொரு முடிவும் என்னுடையது. கல்லூரியில் இரண்டாம் மொழி எடுக்க வேண்டும் என்றபோது உன்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டு வரிசையில் போய் நின்றது யார்? கவுண்டரில் இருந்த அம்மா "ஹிந்தி ஆய்த்து, அடிஷனல் இங்கிலீஷ் ஆய்த்து" என்று, இடம் முடிந்த பாடங்களைக் கன்னடத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். "அரேபிக் இதெ, ஆகுத்தா?" என்றாள், அரபி இருக்கிறது, சரியா என்று. நான் ஒரு கணம் கண்ணை மூடினேன். என் முன்னால் பாலைவனம், ஒட்டகம், நீ ஒரு பெரிய புத்தகத்தோடு நிற்கிறாய். "ஆகுத்தம்மா, அதைத்தான் கேக்க வந்தேன்" என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நோட்டில் வலமிருந்து இடமாக ஏதோ எழுதிக் காட்டி, "சித்தப்பா, இது உங்க பேரு" என்றாய். அந்தத் தாள் இன்னும் என் டூல் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கிரீஸ் பட்டு என் பேரில் பாதி போய்விட்டது, மீதிப் பாதியை யார் வந்தாலும் காட்டுவேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது ஊர் வாய். நம்ம வீட்டுப் பெண்ணுக்கு எதுக்கு அரபி, துபாய்க்கா அனுப்பப்போறீங்க, ஏதாவது ஏடாகூடமாகிவிடப் போகிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போன வருஷம் ஓசூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கேசரியும் பஜ்ஜியும் முடிந்தது. பையனின் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "பொண்ணு அழகா இருக்கு. படிப்புதான் கொஞ்சம் வேற மாதிரி. நம்ம பக்கம் யாரும் இதெல்லாம் படிக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணிக்கட்டுமே" என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள். பேசாதே என்று அர்த்தம். நான் பேசினேன். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுறீங்களே, அது எவ்வளவு நாள் இருக்கும்?" அந்தப் பையன் நல்லவன், பொய் சொல்லத் தெரியவில்லை. "அடுத்த அப்டேட் வரைக்கும் இருக்கும் அங்கிள்" என்றான். "எங்க பொண்ணு படிக்கிறது திப்பு சுல்தான் காலத்துக்கு முன்னால எழுதினது. இன்னும் இருக்கு" என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் அண்ணி, "வாயை வாடகைக்காவது விட்டுத் தொலைங்களேன்" என்றாள். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. சம்பந்தத்தைக் கெடுத்தவன் என்று இன்றுவரை எனக்குப் பேர். கெடுத்தேன்தான். இன்னொரு முறை அவர்கள் வந்தாலும் கெடுப்பேன். உன் படிப்பை ஒரு குறையாக மூட்டை கட்டி ஓரமாக வைக்கச் சொல்கிற வீட்டில் நீ ஒரு வேளை காபி குடிப்பதுகூட எனக்குப் பிடிக்காது. நீயும் எங்கே போனாலும் இதை வைத்துக்கொள்: என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் குரலைத் தாழ்த்தாதே.

உன் படிப்பு என்ன என்று மற்றவர்களுக்கு நான் சொல்லும் அழகே தனி என்று ரஹ்மத் பாய் சொல்வார். பாய் எனக்குப் பக்கத்துக் கடை, கார் சீட்டுக்கு உறை தைப்பவர். ஒருநாள் நீ கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு அவரே கையை விரித்தார். "நாங்க ஓதுறது ஜபர் ஜேர்னு மேல கீழ குறி எல்லாம் போட்ட எழுத்துமா. இது என்னா, எறும்பு மைல கால வச்சிட்டு ஓடின மாதிரி கீது." அப்போதுதான் நீ எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தாய். அரபியில் ஒரே பல் மாதிரி ஒரு கோடு. மேலே ஒரு புள்ளி வைத்தால் ஒரு எழுத்து, இரண்டு வைத்தால் வேறு எழுத்து, புள்ளியைக் கீழே கொண்டுபோனால் இன்னும் வேறு. அவசரமாக எழுதுகிறவன் புள்ளியையே விட்டுவிடுவான், தான் எழுதியது தனக்குப் புரியும் என்ற தைரியம். இருநூறு வருஷம் கழித்து அடுகோடிப் பெண் ஒருத்தி மண்டையை உடைத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியுமா? அப்புறம் மை. சில மை இரும்புச் சத்துள்ளது, நாளாக ஆகத் தாளையே தின்றுவிடும் என்றாய். இரும்பைப் பற்றி எனக்கா தெரியாது, துரு பிடித்த எத்தனை கதவைப் பார்த்திருக்கிறேன். புழு தின்ற ஓட்டையை என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஓட்டைன்னு குறிச்சுட்டு அப்படியே விட்டுருவோம் சித்தப்பா. அங்க என்ன இருந்திருக்கும்னு நாமளா எழுதி நிரப்பக் கூடாது." எனக்குப் பொறுக்கவில்லை. கார் கதவில் பள்ளம் விழுந்தால் பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்து, பள்ளம் இருந்த இடமே தெரியாமல் செய்வதுதான் வேலை. ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவிட்டுச் சம்பளம் வாங்கும் தொழிலை அன்றுதான் கேள்விப்பட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "அதனாலதான் உங்களை எங்க லைப்ரரிக்குள்ள விட மாட்டாங்க" என்றாய்.

இன்னொன்றும் சொன்னாய். பழைய புத்தகங்களின் முதல் பக்கத்தில் கபீகஜ் என்று ஒருவனைக் கூப்பிட்டு, இந்தத் தாளைக் காப்பாற்று என்று எழுதி வைப்பார்களாம். அவன் பூச்சிகளுக்கெல்லாம் ராஜா, அவன் பேரைப் பார்த்தால் பூச்சி கிட்டே வராது என்று நம்பிக்கை. அதை உன்னை எழுதச் சொல்லி என் அலமாரிக்குள் சாக்பீஸால் போட்டுக்கொண்டேன். ஒரு கரப்பான்கூடப் போகவில்லை. ரஹ்மத் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுகோடி கரப்பானுக்குக் கன்னடம்தான் தெரியும் ராஜு, போர்டை மாத்து" என்றார். ஆனால் நான் எல்லாரிடமும் அது வேலை செய்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒரு ராஜாவின் மானத்தை நாம் கெடுக்கக் கூடாது.

நீ சொன்னதில் என் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றது வேறு ஒன்று. ஒருவன் புத்தகத்தைப் படிக்கிறான். படிக்கும்போது தோன்றியதை ஓரத்தில் எழுதி வைக்கிறான், சும்மா தன் ஆசைக்கு. அவன் போன பிறகு இன்னொருவன் அந்தப் புத்தகத்தைப் பார்த்து வேறு பிரதி எழுதுகிறான். ஓரத்தில் இருப்பதைப் பார்த்து, ஐயோ, முன்னால் எழுதியவன் ஒரு வரியை விட்டுவிட்டுப் பிறகு சேர்த்திருக்கிறான் போல என்று நினைத்து, அதையும் தூக்கி உள்ளே போட்டுவிடுகிறான். மூன்றாவது ஆளுக்கு அது ஓரமா உள்ளா என்றே தெரியாது, புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். "அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பே?" என்றேன். "அதுக்கு முன்னாடி எழுதின பிரதி கிடைக்கணும் சித்தப்பா. அது கிடைச்சாதான் உண்டு. இல்லைன்னா எல்லாரும் அந்தப் பொய்யைப் படிச்சிட்டே இருப்பாங்க." நீ தரையில் கிரீஸ் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாய். நான் "ம்" என்றேன்.

இப்போது ரிச்சர்ட்ஸ் டவுன் கதைக்கு வருகிறேன். சாமுவேல் சார் என் பழைய வாடிக்கையாளர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காரும் அவரும் ஒரே வயது, இரண்டுமே காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவருடைய கொள்ளுத் தாத்தா கண்டோன்மென்டில் குதிரை வாங்கி விற்ற காலத்துத் தாள்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அவர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். நான் விடுவேனா? "சார், உலகத்துல எந்த மூலைல எவன் எழுதின அரபியானாலும் எங்க அண்ணன் பொண்ணு படிச்சிடும்" என்றேன். அப்போது நீ உன் வாத்தியார் கையெழுத்தையே திக்கித் திக்கித்தான் படித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் தெரியும். சாமுவேல் சார் ஏற்கெனவே படித்தவர்கள் இரண்டு பேரிடம் காட்டியிருந்தார். ஒருவர் இது அரபியே தெரியாதவன் எழுதிய தப்பு அரபி என்றார், இன்னொருவர் எழுதிப் பழகிய தாள், தூக்கிப் போடலாம் என்றார். அவர் தூக்கிப் போட இருந்ததை என் வாய் தடுத்தது. இதை மட்டும் எந்த நேர்காணலிலும் தைரியமாகச் சொல். என் வாயில்லாமல் அந்தத் தாள்கள் உன் கைக்கு வந்திருக்காது. இது கலப்படமில்லாத உண்மை, சாமுவேல் சாரே சாட்சி.

நீ ஒரு மழைக்காலம் முழுக்க அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டினாய். அரபியாகப் படித்துப் பார்த்தாய், பாரசீகமாகப் பார்த்தாய், ரஹ்மத் பாயிடம் வாசித்துக் காட்டி, அவர் வீட்டில் பேசும் தக்னி உருதுவா என்று கேட்டாய். "நக்கோ பேட்டி, இல்லம்மா, இது எங்க பேச்சு இல்ல" என்று அவரும் கைகழுவினார். அரபுத் தமிழ் என்று ஒன்று உண்டு, கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும். ஆனால் அதில் ட, ள, ழ மாதிரி அரபியில் இல்லாத ஓசைகளுக்குக் கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகள் இருக்கும், இந்த ஆளோ ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. தாளின் நடுவையே எல்லாரும் பார்த்தார்கள். நீதான் அடியைப் பார்த்தாய். அந்தக் காலத்தில் பக்கத்துக்கு நம்பர் போடும் வழக்கம் குறைவாம். அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில் சின்னதாக எழுதி வைப்பார்கள். தாள் கலைந்தாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பைண்டிங் செய்கிறவன் அடுக்கிவிடுவான். உள்ளே இருப்பது அதை எழுதிய குதிரைக்காரன் தனக்காக எழுதியது, புள்ளி வேண்டாம். அடியில் எழுதியது வேறொரு ஆளுக்காக, அவன் தப்பாக அடுக்கிவிடக் கூடாது. அதனால் அங்கே மட்டும் ஒரு புள்ளி விடாமல் வைத்திருப்பான் என்று நீ நினைத்தாய். அப்படியேதான் வைத்திருந்தான். இது உனக்குத் தோன்றியது. உனக்கு மட்டும். இந்த இடத்தில் என் பேரை நான்கூட நுழைத்தது கிடையாது, நினைவு வைத்துக்கொள்.

பிறகு அந்த மதியம். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒர்க்‌ஷாப்பில் சாமுவேல் சாரின் கார் ஜாக்கியில் நிற்கிறது. அதன் அடியில் சக்கரப் பலகையில் படுத்து நான் வேலை செய்கிறேன். வெளியே என் கால் மட்டும் தெரிகிறது. நீ டயர் மேல் உட்கார்ந்து போனில் படத்தைப் பெரிதாக்கி, அடியில் இருக்கும் சொற்களை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறாய். எதிர்க் கடையில் கிரைண்டர் தீப்பொறி பறக்க அலறுகிறது. "சித்தப்பா, இந்தப் புள்ளியைப் பாருங்க. அரபில கிடையாது. உருதுலயும் கிடையாது" என்கிறாய். காஃப், வாவ் என்று எழுத்துகளின் பேரை அடுக்குகிறாய். என் காதில் அது விழுகிறது. ஒரு கையில் ஸ்பேனர். நான் சொல்கிறேன்: "அடியே, அது கொள்ளுடி. குதிரைக்கு வைக்கிற கொள்ளு. நீ படிக்கிறது தமிழ்." சொன்ன வேகத்தில் எழுந்தேன், மேலே இரும்பு, நெற்றி பிளந்தது. நீயும் "கொள்ளு" என்று கத்தினாய். அடுத்த தாளின் அடியில் வசம்பு, அதற்கு அடுத்ததில் வீக்கம். ரத்தம் கண்ணில் வழிய வழிய நான் சிரித்தேன். இதோ தழும்பு, தொட்டுப் பாருங்கள். இப்படித்தான் சங்கத்தில் சொன்னேன், கல்யாண வீடுகளில் சொன்னேன், சாமுவேல் சார் சர்ச்சில் கேக் கொடுத்தபோதுகூடச் சொன்னேன். ரஹ்மத் பாய் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்வேன். அவர் ஒரு மாதிரி சிரிப்பார்.

அந்தத் திரைக்கார மனிதருக்கு நான் சொல்வது இதுதான். ஐயா, நீங்கள் எங்கள் பெண்ணைக் கேட்ட கேள்வி சரியான கேள்வி இல்லை. ஒரு மெக்கானிக் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அந்த மழைக்காலம் முழுவதும் அவள் பட்ட பாடு ஒன்றுமில்லாமல் போய்விடுமா? அடியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது யாருக்கு? ஆனாலும் உங்களைக் குறை சொல்லி என்ன, அவள் கட்டுரையில் அப்படி இருந்தது, நீங்கள் படித்தீர்கள். உங்களைவிடப் பெரிய ஆட்களே ஓரத்தில் எழுதியதைப் புத்தகம் என்று நம்பியிருக்கிறார்கள்.

ஆமாம் நித்யா. ஓரத்தில் எழுதியது. நான் எழுதியது.

அன்றைக்கு மதியம் அண்ணி கொடுத்தனுப்பிய சோறு பிசிபேளேபாத். மூன்று கரண்டி அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன். சாமுவேல் சார் கார் வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. அடியில் குளுகுளுவென்று இருந்தது, படுத்தேன், தூங்கிவிட்டேன். நீ பேசியதெல்லாம் என் காலோடு. நான் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்ததாக நீ பிறகு சொன்னாயே, அது கொறட்டை. ரஹ்மத் பாயின் கடை வரைக்கும் கேட்டதாம். நீ "கொள்ளு" என்று கத்தியதும் ஏதோ கார் ஜாக்கியிலிருந்து விழுகிறது என்று நினைத்து அலறி எழுந்தேன். அப்போது இடித்ததுதான் நெற்றி. கிளினிக்கில் தையல் போடும்போது அந்த நர்ஸ் பெண், "எப்படி அங்கிள் அடிபட்டுச்சு?" என்று கேட்டாள். வேலை நேரத்தில் வண்டிக்கு அடியில் தூங்கினேன் என்று ஒரு மெக்கானிக் எப்படிச் சொல்வான்? வாயில் வந்ததைச் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அப்படியா சித்தப்பா? எனக்குக் கேக்கவே இல்லையே" என்றாய். "கிரைண்டர் சத்தத்துல எப்படிக் கேக்கும்?" என்றேன். நீ என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே, "காதுல விழுந்திருக்கும். அதான் எனக்கும் பளிச்சுன்னு வந்திருக்கு" என்றாய். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நர்ஸ் "சூப்பர் அங்கிள்" என்றாள்.

அப்புறம் நான் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது, ஸ்பேனர் வந்தது, ரத்தத்தோடு சிரிப்பு வந்தது. நீ நம்பினாய். கடைசியில் நீயே எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டாய். ஓட்டையைப் பட்டி போட்டு மூடாதவள், புழு தின்றதைக்கூட இட்டுக்கட்டாதவள், என் வார்த்தையை மட்டும் ஒரு புள்ளி மாற்றாமல் உள்ளே எடுத்துக்கொண்டாய். உன் தொழிலில் நீ செய்த தப்பு அது ஒன்றுதான், அதுவும் நான் உன் சித்தப்பா என்பதற்காகச் செய்தது. இதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, கேட்டால் அண்ணி மாரடைப்பில் போய்விடுவாள். ஊர் முழுக்கச் சொன்னதை ஊர் முழுக்கக் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்பதால்தான் மலரில் எழுதுகிறேன். இனி எந்தக் கல்யாண வீட்டிலாவது யாராவது என் நெற்றியைக் காட்டி அந்தக் கதையைக் கேட்டால், தூங்கியதைத்தான் சொல்வேன். அதையும் நன்றாகவே சொல்வேன்.

நீ இந்தப் பக்கங்களை அப்படியே படம் எடுத்து அந்த மனிதருக்கு அனுப்பு. ரஹ்மத் பாய் கையெழுத்துப் போடத் தயார், அவர் அன்றிலிருந்து தயாராகத்தான் இருக்கிறார். உன் பதிலில் என் பேரை எடுத்துவிடு. சாமுவேல் சாரிடம் பீற்றிக்கொண்டவன் என்று ஒரு வரி வேண்டுமானால் வைத்துக்கொள், அது எனக்குப் போதும். எனக்குப் பெண் கொடுக்க வரிசையில் நின்ற மூன்று குடும்பத்தின் மேல் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம், அது உண்மை. முந்தைய பிரதி கிடைத்தால்தான் உண்டு என்றாயே, அந்த மதியத்துக்கு முந்தைய பிரதி என்னிடம்தான் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: நீ படித்தாய். நான் தூங்கினேன்.